பக்கத்து வயல் வீட்டுமனை ஆகப்போகிறதா? நில உபயோக மாற்றம் பற்றி மதுரைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

நாளிதழின் உள்பக்கத்தில், கோர்ட் நோட்டீஸுக்கும் பெயர் மாற்ற விளம்பரத்துக்கும் நடுவில், பொடி எழுத்தில் ஒரு கட்டம் வரும். இன்ன வட்டம், இன்ன கிராமம், இன்ன சர்வே எண், இத்தனை ஹெக்டேர், விவசாய உபயோகத்திலிருந்து குடியிருப்பு உபயோகத்துக்கு மாற்ற உத்தேசம், ஆட்சேபனை இருப்பவர்கள் குறித்த நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். அவ்வளவுதான். நம் மொட்டை மாடியில் நின்றால் தெரிகிற வயலைத்தான் அது சொல்கிறது என்பது, சர்வே எண் தெரியாதவருக்குப் புரியவே புரியாது.

எனக்கு முதல் தடவை அப்படித்தான் கைநழுவிப் போனது. அழகர்கோவில் சாலையிலிருந்து உள்ளே தள்ளி நாங்கள் வீடு கட்டிக் குடிவந்த மூன்றாவது வருஷம், பின்னால் இருந்த புஞ்சையில் மனைக்கல் ஊன்றிவிட்டார்கள், அதைப் பார்த்த பிறகுதான் அலைந்து விசாரித்தேன், ஆட்சேபனைக் கெடு முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்தப் புஞ்சைக்கு நடுவே மழைநீர் போகிற ஒரு சின்ன ஓடை இருந்தது, மனைப்பிரிவு வரைபடத்தில் அந்த இடத்தில் மனைகளுக்கு எண் போட்டிருந்தார்கள். அடுத்த ஐப்பசியில் தண்ணீர் எங்கள் தெருவுக்குள் திரும்பியது. அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். புறநகரில் புதிதாகக் குடிவந்தவர்களும், இந்த அலுவலகங்களின் படியை இதுவரை மிதிக்காதவர்களும் படித்தால் போதும், மற்றவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும்.

முதலில் எது எந்த அனுமதி என்று பிரித்துக்கொள்ளுங்கள்

பலரும் "அப்ரூவல்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் மூன்று தனித்தனி விஷயம் இருக்கிறது. முழுமைத் திட்டத்தில், அதாவது எல்லாரும் மாஸ்டர் பிளான் என்று சொல்வதில், ஒரு நிலம் விவசாயம் என்று குறிக்கப்பட்டிருந்தால் அதைக் குடியிருப்பாக மாற்றுவது முதல் விஷயம், இதுதான் நில உபயோக மாற்றம். அந்த நிலத்தைச் சாலை, பூங்கா, மனை என்று பிரிப்பதற்கான மனைப்பிரிவு அனுமதி இரண்டாவது. ஒரு மனையில் கட்டடம் எழுப்ப வாங்குகிற அனுமதி மூன்றாவது. பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு விளம்பரம் கொடுப்பது முதல் கட்டத்தில்தான். மற்ற இரண்டிலும் நீங்கள் மனு கொடுக்கலாம், யாரும் தடுக்க முடியாது, ஆனால் உங்களைத் தேடிவந்து யாரும் கேட்க மாட்டார்கள். அதனால்தான் அந்தப் பொடி எழுத்துக் கட்டம் இவ்வளவு முக்கியம்.

சட்டத்தில் இதற்கான இடம் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971. முழுமைத் திட்டத்தில் திருத்தம் செய்கிற அதிகாரம் அதன் 32-வது பிரிவில் வருகிறது. அறிவிப்பில் "பிரிவு 32(4)" என்று பார்த்தால் அது நில உபயோக மாற்றம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே என்ன கட்டலாம், எவ்வளவு உயரம், எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதெல்லாம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் இருக்கிறது.

எந்த வகைக்கு மாற்றக் கேட்கிறார்கள் என்பதையும் பாருங்கள். குடியிருப்பிலேயே முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு என்று இரண்டு உண்டு. முதன்மையில் பெரும்பாலும் வீடுதான், கூடவே சின்னக் கடை மாதிரி சில. கலப்பு என்றால் வீட்டோடு வணிக வளாகம், அலுவலகம் என்று நிறைய வரலாம், அதாவது உரிமையாளருக்கு வளைந்துகொடுக்கிற வகை. அதில் தப்பே இல்லை, பஸ் வசதியும் அகலமான ரோடும் இருக்கிற இடத்தில் அது நல்லதுகூட, ஒரு பால் பாக்கெட்டுக்கு வண்டி எடுக்க வேண்டியதில்லை. ஆனால் மாட்டுவண்டித் தடத்தை ரோடு என்று காட்டிவிட்டுக் கலப்பு கேட்டால் அங்கே நாம் வாயைத் திறக்க வேண்டும்.

சர்வே எண்ணைப் பிடியுங்கள்

உங்கள் வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் இருக்கிற சர்வே எண்களை ஒரு தாளில் எழுதிச் சமையலறைக் காலண்டருக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உங்கள் பத்திரத்திலேயே நான்கெல்லை விவரத்தில் சில எண்கள் கிடைக்கும். மீதியை அரசின் இணையச் சேவையில் பட்டா, புலப்படம் (ஒரு சர்வே எண்ணின் அளவு வரைபடம்), அ-பதிவேடு (கிராமத்தின் சர்வே எண்களின் விவரப் பதிவேடு) ஆகிய மூன்றையும் எடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். கிராம வரைபடம் மட்டும் கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் தனித்தனிப் புலப்படத்தில் தெரியாத ஒன்று அதில்தான் தெரியும்: தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பது.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். புலப்படத்தில் நிலத்தின் எல்லைக்கோடு, அதன் மேல் மீட்டர் அளவு, மூலையில் கல்லைக் குறிக்கும் புள்ளி எல்லாம் இருக்கும். நிலத்துக்குள்ளேயே அல்லது ஓரமாக இரண்டு மெல்லிய கோடுகள் ஒன்றையொன்று ஒட்டியே வளைந்து வளைந்து போனால் நின்று பாருங்கள், அது வாய்க்காலாகவோ ஓடையாகவோ வண்டிப்பாதையாகவோ இருக்கும். அந்தக் கோடு எந்த எண்ணிலிருந்து நுழைந்து எந்த எண்ணுக்குள் போகிறது என்று குறித்துக்கொண்டு, கிராம வரைபடத்தில் அந்த எண்களை விரல் வைத்துத் தொடர்ந்தால், மேலே ஒரு கண்மாயின் மடையிலோ, மிஞ்சிய தண்ணீர் வழிகிற கலுங்கிலோ போய் முட்டும், கீழே அடுத்த கண்மாயில் போய் விழும். அ-பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே நன்செய் என்று இருந்தால் எந்தக் கண்மாய்ப் பாசனம் என்பதும் சேர்ந்தே இருக்கும். புறம்போக்கு என்று இருந்தால் ஓடையா, வாய்க்காலா, பாதையா என்று எழுதியிருப்பார்கள்.

அப்புறம் நேரில் போய்ப் பாருங்கள். காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால், வரைபட நகலோடு. எங்கள் பக்கம் இரண்டாவது தடவை ஒரு விண்ணப்பம் வந்தபோது நானும் பக்கத்துத் தெருவில் இருக்கிற ஒரு பெரியவரும் நடந்து போனோம், வெறும் கண்ணுக்கு அங்கே ஓடை எதுவும் இல்லை, முழுக்க உழுது சமப்படுத்தியிருந்தார்கள். அவர்தான் கருவேலமரங்களைக் காட்டினார். வயலெல்லாம் மொட்டையாக இருக்க, ஒரே வரிசையில் மட்டும் பதினைந்து இருபது மரம் பச்சையாக நின்றது, அதற்குக் கீழே மண் கொஞ்சம் கறுப்பாக, பள்ளமாக. "தண்ணி போன தடம் தம்பி, மரத்துக்குத் தெரியும்" என்றார். புலப்படத்தைப் பிரித்து வைத்துப் பார்த்தால் அந்த இரண்டு கோடுகள் அதே திசையில் போயின. போட்டோ எடுத்து, எந்த எண்ணின் எந்த மூலை என்று பின்னால் எழுதி வைத்தோம்.

மதுரையில் ஊர்ப்பெயரே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். மாடக்குளம், கோசாகுளம், ஆத்திகுளம், இலந்தைக்குளம், பீபீகுளம், உலகநேரி, கடச்சனேந்தல். ஏந்தல் என்றாலே சின்னக் கண்மாய்தான். இந்தக் கண்மாய்கள் தனித்தனியாக இல்லை, ஒன்றின் மறுகால், அதாவது நிரம்பி வழிகிற தண்ணீர், இன்னொன்றின் வரத்து. செல்லூர்க் கண்மாயில் மிஞ்சிய தண்ணீர் பந்தல்குடி வாய்க்கால் வழியாகத்தான் வைகைக்குப் போக வேண்டியிருந்தது, 2024 அக்டோபரில் ஒரே மாலை மழையில் செல்லூர், பீபீகுளம் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றதை மதுரையில் யாரும் மறக்கவில்லை. சங்கிலியின் மேல்முனையில் ஒரு வாய்க்காலை மறித்தால் கீழ்முனையில் யாரோ ஒருவர் வீட்டுக் கட்டிலைத் தூக்கிக் கல் மேல் வைக்கிறார்.

கோப்பு எப்படி நகர்கிறது

விண்ணப்பம் ஒற்றைச் சாளர இணையதளம் வழியாகப் போகிறது. மதுரையைப் பொறுத்தவரை உள்ளூர் திட்டக் குழுமம் என்று நாம் சொல்லிப் பழகிய அலுவலகம்தான் முதலில் பார்க்கும், அதற்கு மேலே சென்னையில் நகர் ஊரமைப்பு இயக்ககம், அதற்கும் மேலே வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை. ஆவணம் சரிபார்ப்பார்கள், இடத்தைப் பார்வையிடுவார்கள், மற்ற துறைகளிடம் கருத்துக் கேட்பார்கள். நன்செய் என்றால் வேளாண்மைத் துறை கருத்து சொல்ல வேண்டும். வெள்ளம் தேங்குமா, நீர்வழி மறிபடுமா என்பதற்கு நீர்வளத்துறை, அதாவது முன்பு பொதுப்பணித்துறைக்குள் இருந்தது, தடையின்மைச் சான்று தர வேண்டும். புறம்போக்கு, பட்டா விவகாரம் வருவாய்த் துறை. அவனியாபுரம், பெருங்குடி பக்கம் உயரமாகக் கட்டுவதாக இருந்தால் விமான நிலைய ஆணையத்தின் உயர அனுமதி வரும். மீனாட்சி அம்மன் கோவிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்ற கட்டுப்பாடு தனி. சமணர் மலை மாதிரி மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கிற இடங்களுக்கு அருகே 100 மீட்டர் வரை கட்டவே தடை, அதற்கு மேல் இன்னும் 200 மீட்டர் வரை முன்அனுமதி தேவை.

பிறகு நாளிதழ் அறிவிப்பு, ஆட்சேபனை, அதன் மேல் குழுமத்தின் பரிசீலனை, பரிந்துரை, கடைசியில் அரசிதழில் வெளியீடு. இது சில மாதமும் ஆகலாம், வருஷமும் ஆகலாம். இங்கே ஒரு விஷயம் மனதில் இருக்கட்டும்: அமெரிக்காவில் நகரத் திட்டக் குழு என்றால் மண்டபத்தில் கூட்டம் போட்டு, அக்கம்பக்கத்தார் மைக் பிடித்து பேசிய பிறகு வாக்கெடுப்பு நடக்கும். இங்கே பெரும்பாலும் காகிதம்தான் பேசும். குழுமத்தில் உட்கார்ந்து முடிவெடுப்பவர் உங்கள் தெருவைப் பார்த்திருக்க மாட்டார், கோப்பில் என்ன இருக்கிறதோ அதுதான் அவருக்கு உங்கள் தெரு.

ஆட்சேபனையை எப்படி எழுதுவது

"எங்கள் பகுதியின் அமைதி கெடும்", "மக்கள் கொதிப்பில் உள்ளனர்" என்றெல்லாம் எழுதி நூறு கையெழுத்து வாங்கிக் கொடுப்பார்கள், அதற்கு ஒரு வரியில் பதில் சொல்லி மூடிவிடலாம். வீடே வரக்கூடாது என்றும் எழுதாதீர்கள். நாம் குடியிருக்கிற மனையும் ஒரு காலத்தில் வயல்தான், பிள்ளைகளுக்கு வீடு வேண்டும், ஊர் வளரத்தான் செய்யும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பொருளாதாரத்தில் பின்தங்கியவர்களுக்கு 10 சதவீதம் சின்ன மனைகள் ஒதுக்கச் சொல்லி விதி இருக்கிறது, அதைக் காட்டி "கண்டவங்களும் வந்திருவாங்க" என்று மனுவில் சேர்க்கச் சொல்லி எங்கள் தெருவிலேயே ஒருவர் கேட்டார். சேர்க்கவில்லை. நீங்களும் சேர்க்காதீர்கள், அது தப்பு.

ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். மேலே அறிவிப்பு வந்த நாளிதழ், தேதி, கிராமம், சர்வே எண். குழுமத்தின் உறுப்பினர் செயலருக்கு முகவரி போடுங்கள். அப்புறம் நேராக விஷயம். எங்கள் மனுவின் நடுப்பகுதி ஏறக்குறைய இப்படி இருந்தது:

"மேற்படி புலத்தின் வடமேற்கு மூலையில் நுழைந்து தென்கிழக்கு மூலையில் வெளியேறும் ஓடை, புலப்படத்திலும் கிராம வரைபடத்திலும் உள்ளது. விண்ணப்பதாரரின் வரைபடத்தில் அது காட்டப்படவில்லை. இந்த ஓடை வழியாகவே மேலே உள்ள கண்மாயின் மறுகால் நீர் கீழேயுள்ள கண்மாய்க்குச் செல்கிறது. ஓடையை அளந்து கல் நட்டு, அதன் முழு அகலத்தையும் விட்டுவிட்டு, நீர்வளத்துறையின் கருத்தைப் பெற்ற பிறகே மனுவைப் பரிசீலிக்க வேண்டுகிறோம்."

கவனித்தீர்களா, மறுக்கச் சொல்லிக் கேட்கவில்லை, செய்ய வேண்டியதைக் கேட்டிருக்கிறோம். எப்போதும் ஒரு குறிப்பிட்ட வேலையைக் கேளுங்கள்: அளவை, சான்று, அகலம், வடிகால். அதிகாரிக்கும் அது வசதி, கோப்பில் ஒரு குறிப்பாகப் போட்டு இன்ன துறைக்கு அனுப்பு என்று எழுதிவிடலாம். புலப்பட நகல், கிராம வரைபட நகல், போட்டோ மூன்றையும் இணையுங்கள். ஸ்பீட் போஸ்ட்டில் ஒப்புகையோடு ஒன்று அனுப்பிவிட்டு, நேரில் ஒன்று கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாத மனு கொடுக்காத மனு மாதிரிதான். நீர்வளத்துறைக்கும் வட்டாட்சியருக்கும் ஒவ்வொரு நகல் போகட்டும், அவர்களிடம் கருத்துக் கேட்டுக் கடிதம் வரும்போது உங்கள் காகிதம் ஏற்கெனவே மேசையில் இருக்க வேண்டும்.

கிராம ஊராட்சிப் பகுதியாக இருந்தால் கிராமசபையில் தீர்மானமும் போடலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டமும் இருக்கிறது. ஆனால் இவை எல்லாம் துணைதான், குழுமத்துக்குப் போகிற அந்த ஒரு பக்கம்தான் அசல்.

பதிலே வரவில்லை என்றால் இரண்டு மாதம் கழித்து தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். "என் மனு மீது என்ன நடவடிக்கை" என்று மட்டும் கேட்காமல், கோப்பின் குறிப்புப் பக்கங்கள், தள ஆய்வு அறிக்கை, நீர்வளத்துறையின் கடிதம், இவற்றின் நகலைக் கேளுங்கள்.

மனைப்பிரிவு வரைபடம் வந்ததும் பார்க்க வேண்டியவை

நில உபயோகம் மாறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து மனைப்பிரிவு. இங்கே பரப்பளவைக் கணக்குப் பாருங்கள். 3,000 சதுர மீட்டர் வரை திறந்தவெளி இடம் விடத் தேவையில்லை. 3,000-லிருந்து 10,000 வரை 10 சதவீத இடம், அல்லது அதற்குப் பதில் பணம் கட்டிவிடலாம். 10,000-க்கு மேல் போனால் சாலை போக மீதியில் 10 சதவீதம் இடமாகவே தர வேண்டும், பணம் கட்டித் தப்ப முடியாது. 10,000 சதுர மீட்டர் என்பது ஒரு ஹெக்டேர், நம் கணக்கில் 2 ஏக்கர் 47 சென்ட். அதனால் 5 ஏக்கர் வைத்திருப்பவர் 2 ஏக்கர் 40 சென்டாக இரண்டு விண்ணப்பம் போட்டால் ஏன் என்று இப்போது உங்களுக்கே புரியும். ஒட்டியிருக்கிற எண்ணும் அதே உரிமையாளருடையதுதானா என்று பட்டாவில் பார்த்து மனுவில் எழுதுங்கள்.

உதாரணத்துக்கு 3 ஏக்கர் என்றால் சுமார் 12,140 சதுர மீட்டர். சாலைக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக, 30 சதவீதம் போகிறது என்று வைத்தால் மீதி 8,500, அதில் பத்தில் ஒரு பங்கு 850, அதாவது 21 சென்ட் பூங்கா. 21 சென்ட் என்பது பிள்ளைகள் ஓடி விளையாட நிஜமான இடம். அது வரைபடத்தில் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள், கிணற்றுப் பள்ளத்திலும் மின்கோபுரத்துக்கு அடியிலும் தள்ளிவிடுகிற பழக்கம் இருக்கிறது.

அடுக்குமாடி என்றால் சாலையை அளந்துவிடுங்கள்

இங்கே எல்லாமே சாலை அகலத்தில்தான் நிற்கிறது. உயர்மாடி அல்லாத கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு 2, அதாவது 10 சென்ட், 4,356 சதுர அடி நிலத்தில் 8,712 சதுர அடி கட்டலாம். அதற்கு மேல் பணம் கட்டிக் கூடுதல் பரப்பு வாங்குவதற்கு 9 மீட்டர் சாலை என்றால் 30 சதவீதம், 12 மீட்டர் என்றால் 40, 18 மீட்டரும் அதற்கு மேலும் என்றால் 50. எனவே 30 அடி ரோடு என்று வரைபடத்தில் எழுதியிருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு காம்பவுண்டுக்குக் காம்பவுண்டு பிடித்துப் பாருங்கள். 9 மீட்டர் என்பது 29 அடி 6 அங்குலம். எங்கள் பக்கத்தில் ஒரு ரோடு காகிதத்தில் 30 அடி, டேப்பில் 23 அடி, மீதி இரண்டு பக்கமும் படிக்கட்டாகவும் துணி துவைக்கிற கல்லாகவும் நின்றது, அதில் ஒரு படிக்கட்டு எங்கள் பக்கத்து வீட்டுக்காரருடையது என்பதால் மனு எழுதுவதற்கு முன் அவரிடம் பேசி அதை இடிக்க வைத்தோம். நம் பக்கம் சுத்தமாக இருந்தால்தான் மனு நிற்கும்.

நீங்களே அங்கே மனையோ வீடோ வாங்கப்போகிறவர் என்றால் இன்னும் ஒன்று. 500 சதுர மீட்டருக்கோ 8 வீட்டுக்கோ மேற்பட்ட திட்டம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும், அந்த எண் இல்லாமல் விளம்பரமே செய்யக் கூடாது. "அப்ரூவல் வந்துக்கிட்டே இருக்கு சார்" என்றால் வந்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.

தானப் பத்திரம்

இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். சாலையும் பூங்காவும் உள்ளாட்சிக்குத் தானமாகப் பதிவு செய்து கொடுத்த பிறகுதான் மனைப்பிரிவுக்கு இறுதி அனுமதி. அந்தப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்பதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிடலாம், சர்வே எண்ணும் தேதியும் போதும். பத்திர எண் கிடைத்ததும் நகல் மனு போட்டு, வரைபடத்தோடு சேர்த்து ஒரு பிரதி வாங்கி வையுங்கள். பூங்காவின் நான்கு மூலை அளவும் அதில் இருக்கும். நாங்கள் இரண்டாவது மனைப்பிரிவுக்கு அப்படி ஒன்று வாங்கி, ஓடைக்கு விட்ட அகலத்தைச் சிவப்பு மையால் குறித்து, குடியிருப்போர் சங்கச் செயலர் வீட்டுப் பீரோவில் வைத்திருக்கிறோம். போன வருஷம் பூங்கா இடத்தில் யாரோ ஒரு லோடு செங்கல் இறக்கினார்கள். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நாலு பேர் போய் நின்றோம், சாயங்காலத்துக்குள் செங்கலை ஏற்றிக்கொண்டு போனார்கள்.